ராத்திரி திறக்கும், மதியம் திறக்காது: ஒரு ஓவர்கிளாக் நிகழ்வு ஆய்வு

2024 மே மாதம், கத்திரி ஆரம்பித்து ஒரு வாரம் இருக்கும். திருச்சியிலிருந்து அக்கா மகன் போன் பண்ணினான். "மாமா, ஒரு ஜிப் ஃபைல் மதியம் திறந்தா சிஆர்சி எரர்னு சொல்லுது. அதையே ராத்திரி பத்து மணிக்குத் திறந்தா ஒழுங்கா திறக்குது. ஹார்ட் டிஸ்க் போச்சா?"

சிஆர்சி எரர் என்றால் ஃபைலுக்குள் இருக்கும் தரவு கெட்டிருக்கிறது என்று பொருள். கேட்டதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. டிஸ்க் கெட்டால் அது நேரம் காலம் பார்க்காது. மதியம் ஒரு பதில், ராத்திரி ஒரு பதில் என்றால் நடுவில் மாறுவது வெயில் மட்டும்தான், வெயிலுக்குப் பயப்படுகிற மாதிரி அந்த கம்ப்யூட்டரை ஆக்கி வைத்தவன் நான். ஜனவரியில் பொங்கலுக்குப் போனபோது மூன்று நாள் உட்கார்ந்து அதை ஓவர்கிளாக் செய்து, அதாவது கம்பெனி நிர்ணயித்த அளவைத் தாண்டி வேகமாக ஓடும்படி எண்களை மாற்றிக் கொடுத்தேன், ராத்திரி முழுக்க டெஸ்ட் ஓடியது, ஒரு எரர் கூட இல்லை என்று திருப்தியாகக் கிளம்பி வந்தேன். அந்தத் திருப்தி எங்கே தப்பு என்பதைத்தான் இங்கே முழுசாக எழுதுகிறேன்.

முதலில் மெஷின். ரைசன் 5 7600, பி650 போர்டு, 16 ஜிபி ஸ்டிக் இரண்டு, டிடிஆர்5-6000 சிஎல்30, ஆர்டிஎக்ஸ் 3060 டிஐ கிராபிக்ஸ் கார்டு, ஒரு நல்ல டவர் கூலர். மாப்ள கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறவன், அதனால் ரெண்டரிங் வேகம் அவனுக்குச் சோறு போடுகிற விஷயம். வீடு மூன்றாவது மாடி, மேலே நேராக மொட்டைமாடி, ஏசி படுக்கையறையில் மட்டும். கம்ப்யூட்டர் இருப்பது ஹாலில்.

ஜனவரியில் நான் செய்தவை இவை. எக்ஸ்போ, அதாவது மெமரியைப் பெட்டியில் போட்ட வேகத்துக்கு ஏற்றும் ரெடிமேட் செட்டிங், போட்டு மெமரியை 6000-க்கு ஏற்றினேன். இந்தச் சிப்புக்கு ஏஎம்டி அதிகாரபூர்வமாகச் சொல்வது 5200 வரைதான், அதாவது பெட்டியில் 6000 என்று அச்சடித்திருந்தாலும் எக்ஸ்போ போட்ட நொடியிலேயே நாம் ஓவர்கிளாக் செய்கிறோம், அதனால் வரும் சேதத்துக்கு வாரண்டி இல்லை என்று ஏஎம்டியே எழுதி வைத்திருக்கிறது. நிறையப் பேர் இதை ஓவர்கிளாக் என்றே நினைப்பதில்லை. அடுத்து, புராசசரின் வோல்டேஜைக் குறைக்கும் கர்வ் ஆப்டிமைசரில் ஆறு கோருக்கும் (புராசசருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகள்) மொத்தமாக மைனஸ் 30. கடைசியாக, எல்லாரும் செய்கிறார்களே என்று டிஆர்இஎஃப்ஐ என்ற மெமரி டைமிங்கை (அது என்ன என்று பின்னால் சொல்கிறேன்) அதன் உச்சமான 65,535-க்குத் தூக்கினேன். அப்போது மெமரி லேட்டன்சி, அதாவது கேட்ட தரவு வந்துசேரும் நேரம், மூன்று நானோ செகண்ட் குறைந்தது, எனக்கு அது பெரிய வெற்றியாகத் தெரிந்தது.

போன் வந்த வாரக் கடைசியில் பஸ் ஏறிப் போனேன். போய் உட்கார்ந்ததும்தான் தெரிந்தது, ஜிப் ஃபைல் மட்டும் இல்லை, வேறு என்னென்னவோ நடந்திருக்கிறது. பிப்ரவரியிலிருந்தே வாரம் ஒரு தடவையாவது மெஷின் தானாக ரீஸ்டார்ட் ஆகியிருக்கிறது, அதுவும் ரெண்டர் ஓடும்போது இல்லை, சும்மா பிரவுசர் திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போன நேரத்தில். கரண்ட் ஏறி இறங்குகிறது என்று அவனாகவே முடிவு செய்து யுபிஎஸ்ஸை மாற்றியிருக்கிறான். ஏப்ரலிலிருந்து பிரவுசர் டேப் செத்துப் போவது, எடிட்டிங் சாஃப்ட்வேர் திடீரென்று மூடிக்கொள்வது, இரண்டு தடவை மெமரி மேனேஜ்மெண்ட் என்று நீலத் திரை. "ஏன்டா இதையெல்லாம் என்கிட்ட சொல்லல?" என்றால், "அப்டேட்டுல சரியாயிடும்னு நினைச்சேன் மாமா" என்கிறான். அவனைக் குறை சொல்ல மனசு வரவில்லை. மெஷினை மாற்றி அமைத்துக் கொடுத்தவன், எது நடந்தால் உடனே சொல்ல வேண்டும் என்பதையும் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்.

முதல் வேலையாக ஒரு 6 ஜிபி வீடியோ ஃபைலை எடுத்து அதன் எஸ்ஹெச்ஏ-256 ஹேஷ் மதிப்பை, அதாவது ஃபைலின் கைரேகை மாதிரியான எண்ணை, கணக்கிட்டேன். விண்டோஸிலேயே செர்ட்யூட்டில் என்ற கட்டளை இருக்கிறது, தனியாக எதுவும் வேண்டாம். மதியம் இரண்டரை மணி, பின்னணியில் ஒரு ரெண்டர் ஓடிக்கொண்டிருந்தது. ஐந்து தடவை கணக்கிட்டதில் நான்கு தடவை ஒரே விடை, ஒரு தடவை வேறு. ஃபைலை யாரும் தொடவில்லை. ஒரே ஃபைலுக்கு இரண்டு விடை சொல்கிற கம்ப்யூட்டர் அதற்கு மேல் எதைச் சேமித்தாலும் நம்ப முடியாது. அங்கேயே எல்லா வேலையையும் நிறுத்தச் சொன்னேன்.

டிஸ்க் தன் உடல்நிலையைச் சொல்லும் ஸ்மார்ட் ரிப்போர்ட்டில் எஸ்எஸ்டி சுத்தமாக இருந்தது. விண்டோஸின் பதிவேடான ஈவெண்ட் வியூவரைத் திறந்தால் அங்கே வீயா-லாகர், ஐடி 18, கேஷ் ஹையரார்க்கி எரர் என்று பிப்ரவரியிலிருந்து வரிசையாக நிற்கிறது. இது புராசசர் தானே எழுதி வைக்கும் புகார், எந்தக் கோர் என்ற குறிப்போடு வரும். பெரும்பாலும் ஒரே கோர்தான். சரி, குற்றவாளி கிடைத்துவிட்டான், மைனஸ் 30 தாங்கவில்லை என்று நினைத்தேன். ஆனால் தேதிகளைப் பார்த்தபோது ஒன்று இடித்தது. இந்த எரர்கள் எல்லாம் காலை நேரம், வேலை இல்லாத நேரம். ஜிப் எரரும் நீலத் திரையும் மதியம். ஒரு நோய்க்கு இரண்டு நேரம் எப்படி?

நோய் ஒன்று இல்லை, இரண்டு. இதைப் புரிந்துகொள்ளாமல் ஒன்றை மட்டும் சரிசெய்துவிட்டுக் கிளம்பியிருந்தால் இன்னும் பெரிய தப்பாகியிருக்கும்.

அதனால் பயாஸை, அதாவது இந்த எண்களெல்லாம் இருக்கும் போர்டின் அடிப்படை செட்டிங்கை, முழுசாக டீஃபால்ட்டுக்குக் கொண்டு போனேன். எக்ஸ்போ இல்லை, மெமரி 4800, கர்வ் பூஜ்யம். அதே மதியம், அதே ரெண்டர், ஐம்பது தடவை ஹேஷ், ஐம்பதும் ஒரே விடை. ஹார்டுவேர் நல்லபடியாக இருக்கிறது, கெட்டது நான் வைத்த எண்கள்தான் என்று உறுதியானது. பிறகு ஒவ்வொன்றாக ஏற்றிப் பார்த்தோம்.

முதலில் புராசசர்

கர்வ் ஆப்டிமைசர் என்பது ஒவ்வொரு வேகத்துக்கும் எவ்வளவு வோல்டேஜ் என்று சிப் வைத்திருக்கும் அட்டவணையைக் கீழே தள்ளுவது. ஒரு படிக்கு மூன்றிலிருந்து ஐந்து மில்லிவோல்ட் என்று வைத்துக்கொள்ளலாம். மைனஸ் 30 என்றால் 100 மில்லிவோல்ட்டுக்குப் பக்கத்தில். வோல்டேஜ் குறைந்தால் சூடு குறையும், சூடு குறைந்தால் சிப் தானாகவே இன்னும் வேகமாக ஓடும், அதனால் இது ஆபத்தில்லாத ஓவர்கிளாக் என்று பெயர் வாங்கியிருக்கிறது. சிப் எரியாது என்ற அளவில் அது உண்மைதான். ஆனால் சினிபெஞ்ச் என்ற வேக டெஸ்ட் ஓடியது, ஸ்கோர் கூடியது, அப்போ ஸ்டேபிள் என்று முடிவு கட்டுவதுதான் எல்லாரும் விழும் குழி, நானும் அங்கேதான் விழுந்தேன். ஆறு கோரும் ஒன்றாக முட்டிக்கொண்டு ஓடும்போது வேகம் இறங்கியே இருக்கும். ஒரே ஒரு கோர் ஒரு சின்ன வேலைக்காக ஒரு கணம் 5.1 கிகாஹெர்ட்ஸுக்குத் தாவும்போதுதான் அட்டவணையின் உச்சிக்குப் போகிறது, அங்கேதான் வோல்டேஜ் பற்றாமல் மெஷின் விழுகிறது. அதனால்தான் பாரமான வேலையில் தாங்கி, சும்மா இருக்கும்போது ரீஸ்டார்ட் ஆனது. சிப் குளிர்ந்திருந்தால் இன்னும் உயரத் தாவும், அதனால் காலை நேரம்.

இதற்கு கோர்சைக்ளர் என்ற இலவசக் கருவி இருக்கிறது. ஒரு நேரத்தில் ஒரே கோரை மட்டும் ஓட்டி, அடுத்த கோருக்கு நகரும். மைனஸ் 30-ல் விட்டுப் பார்த்தால் வீயா பதிவில் இருந்த அதே கோர் நாலாவது நிமிஷம் விழுந்தது. இன்னொன்று நாற்பது நிமிஷத்தில். மற்ற நான்கும் ராத்திரி முழுக்கத் தாங்கின. ஒவ்வொரு சிப்பிலும் ஒவ்வொரு கோரும் தனித்தனி தரம், மொத்தமாக ஒரே எண் போடுவது சோம்பேறித்தனம். பலவீனமான கோர் மைனஸ் 13-ல் தாங்கியது, அதற்கு மைனஸ் 8 கொடுத்தேன். மற்றவற்றுக்கும் தாங்குகிற இடத்திலிருந்து ஐந்து படி பின்னால். மைனஸ் 30-க்கும் இப்போது இருப்பதற்கும் அவனுடைய ரெண்டரில் வித்தியாசம் ஒரு சதவீதம் கூட இல்லை.

பிறகு மெமரி

இதுதான் அவன் சேமித்து வைத்த படங்களைத் தின்றது, அந்த நஷ்டத்தைப் பின்னால் சொல்கிறேன். கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

டிராம் மெமரியில் ஒவ்வொரு பிட்டும் ஒரு குட்டிக் கெப்பாசிட்டரில் இருக்கும் மின்னூட்டம். அது ஓட்டைக் குடத்துத் தண்ணீர் மாதிரி, கசிந்துகொண்டே இருக்கும், காலியாவதற்குள் மறுபடி நிரப்ப வேண்டும். இதைத்தான் ரிஃப்ரெஷ் என்கிறோம். டிடிஆர்5-ல் சாதாரணமாக 3.9 மைக்ரோ செகண்டுக்கு ஒரு ரிஃப்ரெஷ் கட்டளை போகும், 8,192 கட்டளையில் முழு மெமரியும் ஒரு சுற்று முடியும், அதாவது ஒரு பிட் அதிகபட்சம் 32 மில்லி செகண்ட் தாங்கினால் போதும். சிப் 85 டிகிரியைத் தாண்டினால் இந்த இடைவெளியைப் பாதியாக்க வேண்டும் என்பதும் அதே விதியில் இருக்கிறது. சூட்டில் கசிவு பல மடங்கு வேகமாகும் என்பது இதைச் செய்தவர்களுக்குத் தெரியும்.

டிஆர்இஎஃப்ஐ என்பது அந்த இடைவெளி. 6000-ல் ஓடும் மெமரியின் கிளாக் 3,000 மெகாஹெர்ட்ஸ், அதில் 3.9 மைக்ரோ செகண்ட் என்பது 11,700 துடிப்பு. நான் வைத்தது 65,535. கணக்குப் போட்டால் 21.8 மைக்ரோ செகண்ட், ஒரு முழுச் சுற்றுக்கு 179 மில்லி செகண்ட். ஐந்தரை மடங்கு நேரம் தண்ணீர் ஊற்றாமல் குடத்தை விட்டிருக்கிறேன்.

ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்றால், ரிஃப்ரெஷ் நடக்கும்போது மெமரி வேறு வேலை பார்க்காது. 16 கிகாபிட் சிப்பில் ஒரு ரிஃப்ரெஷ்ஷுக்கு 295 நானோ செகண்ட், ஆக மொத்த நேரத்தில் ஏழரை சதவீதம் அதிலேயே போகிறது. இடைவெளியை நீட்டினால் அந்த இழப்பு ஒன்றரை சதவீதத்துக்கும் கீழே வந்துவிடும். காசில்லாமல் கிடைக்கும் வேகம். வோல்டேஜும் ஏறுவதில்லை, எதுவும் எரிவதில்லை. குளிரும் காற்றும் இருக்கிற கேபினெட்டில் நிஜமாகவே தாங்கவும் செய்யும்.

எங்கள் கேபினெட்டில் என்ன நடந்தது? டிடிஆர்5 ஸ்டிக்கிலேயே வெப்பமானி இருக்கிறது, ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற கருவியைத் திறந்தால் அளவு தெரியும். ஜனவரி ராத்திரி, ஹால் 23 டிகிரி, எட்டு மணி நேர மெமரி டெஸ்ட்டில் ஸ்டிக் உச்சமாகத் தொட்டது 47. மே மாத மதியம் ஹால் 37, ரெண்டர் ஓடும்போது ஸ்டிக் 68.

அறை 14 டிகிரிதான் ஏறியது, ஸ்டிக் 21 ஏறியிருக்கிறது. மீதி எங்கிருந்து வந்தது? கிராபிக்ஸ் கார்டிலிருந்து. 200 வாட் தின்கிற கார்டு அந்த அனலைக் கேபினெட்டுக்குள்ளேயே ஊதுகிறது, அது மேலே ஏறி நேராக ரேம் ஸ்டிக்குகள் மேல் படுகிறது. மெமரி டெஸ்ட் எதுவும் கிராபிக்ஸ் கார்டைத் தொடுவதில்லை. ஆக, நான் ஜனவரியில் பரிசோதித்தது ஒரு மெஷின், அவன் மே மாதத்தில் வேலை செய்தது வேறொரு மெஷின். இதை நிரூபிக்க இரண்டு ஓட்டம் ஓட்டினோம். பழைய டிஆர்இஎஃப்ஐயை வைத்து, மதியம், வெறும் மெமரி டெஸ்ட் மட்டும்: ஸ்டிக் 57 டிகிரி, ஒன்றரை மணி நேரம், எரர் இல்லை. அதே டெஸ்ட்டோடு கிராபிக்ஸ் கார்டையும் முழு லோடில் விட்டோம். பன்னிரண்டாவது நிமிஷம், ஸ்டிக் 66-ஐத் தொட்டபோது முதல் எரர். அப்புறம் மழைத் தூறல் மாதிரி வந்துகொண்டே இருந்தது. மாப்ள முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"டிடிஆர்5-ல ஈசிசி இருக்குல்ல மாமா, அது திருத்தாதா?" என்று கேட்டான். ஈசிசி என்றால் கெட்ட பிட்டைக் கண்டுபிடித்துத் திருத்தும் ஏற்பாடு. நல்ல கேள்வி, பலரும் நம்பியிருப்பது இதைத்தான். டிடிஆர்5 சிப்புக்குள் இருப்பது ஆன்-டை ஈசிசி, 128 பிட்டுக்கு 8 பிட் காவல், அதில் ஒரு பிட் கெட்டால் திருத்தும். இரண்டு பிட் கெட்டால் முடியாது, சிப்பிலிருந்து புராசசருக்கு வரும் வழியில் கெட்டாலும் தெரியாது, திருத்தியதையோ திருத்த முடியாததையோ விண்டோஸுக்குச் சொல்லவும் சொல்லாது. சர்வரில் போடும் ஈசிசி ஸ்டிக் வேறு ஜாதி. சொல்லப்போனால் இந்த ஆன்-டை ஈசிசி நம்மை ஏமாற்றவும் செய்கிறது, பலவீனமான பிட்டுகளை ரொம்ப நேரம் மூடி மறைத்து வைத்துவிட்டு, அது தாங்காத அளவு ஆன பிறகுதான் நமக்கு வெளியே தெரிகிறது.

நஷ்டம்

மார்ச் கடைசியிலிருந்து மே வரை கேமரா கார்டிலிருந்து அவன் இறக்கிய எல்லாமே இந்த மெமரி வழியாகத்தான் டிஸ்க்குக்குப் போயிருக்கிறது. காப்பி ஆகும் நேரத்தில் ஒரு பிட் புரண்டால், புரண்டபடியே எழுதப்படும். டிஸ்க்கைப் பொறுத்தவரை அது சரியான ஃபைல். வாராவாரம் எடுத்த பேக்கப்பும் அந்தக் கெட்ட ஃபைலைத்தான் விசுவாசமாகக் காப்பி எடுத்து வைத்தது. மார்ச்சுக்கு முன்னால் வந்த ஃபைல்கள் பேக்கப்பில் நன்றாகவே இருந்தன, சாஃப்ட்வேர் மாறாத ஃபைலைத் திரும்ப எழுதுவதில்லை என்பதால்.

வாடிக்கையாளர்களின் கல்யாணக் கேமராவில் இரண்டு கார்டு, ஒரே சமயத்தில் இரண்டிலும் பதிவாகும், இரண்டாவது கார்டுகளை அவன் இன்னும் அழிக்கவில்லை. ஒரு நலங்கு வீடியோவில் மூன்று கிளிப் கட்டம் கட்டமாகச் சிதறியிருந்தது, அதை மீட்டுவிட்டோம். அவன் வீட்டுப் படங்களுக்கு இரண்டாவது கார்டு இல்லை. ஏப்ரலில் பாட்டிக்கு எண்பது முடிந்ததற்கு எடுத்த படங்களில் பதினொன்று, மேல்பாதியில் முகங்கள், கீழ்பாதி சாம்பல் பட்டை. ஜேபெக் படத்தில் தரவு ஒரு தொடர் சங்கிலி மாதிரி சுருட்டி எழுதப்படுகிறது, நடுவில் ஒரு பிட் தவறினால் அதற்குப் பின்னால் வருவதெல்லாம் தவறாகப் படிக்கப்படும். ஒரே ஒரு பிட். எத்தனை படம் கெட்டது என்று கண்டுபிடிக்கவே ஆயிரக்கணக்கான படங்களை அக்காவும் நானும் அவனுமாக ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தோம், இரண்டு நாள். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இன்னும் ஏதாவது கெட்டிருக்கலாம், அதை இனிமேல் அறிய வழியில்லை.

இப்போது மெஷின் எப்படி இருக்கிறது

எக்ஸ்போ 6000, 1.35 வோல்ட், அப்படியே இருக்கிறது, அதில் பிரச்சினை இல்லை. டிஆர்இஎஃப்ஐ ஆட்டோவில். எஸ்ஓசி வோல்டேஜ், அதாவது புராசசருக்குள் மெமரியோடு பேசும் பகுதிக்குப் போகும் வோல்டேஜ், ஜனவரியில் 1.25 வைத்திருந்தேன், 1.2-லேயே தாங்குகிறது என்பதால் இறக்கிவிட்டேன். வோல்டேஜ் விஷயத்தில் மட்டும் எந்தச் சமரசமும் வேண்டாம் என்று அழுத்திச் சொல்வேன். 2023 ஏப்ரலில் ரைசன் 7 7800எக்ஸ்3டி சிப்புகள் சாக்கெட்டோடு கருகியது நினைவிருக்கும், எக்ஸ்போ போட்டதும் சில போர்டுகள் எஸ்ஓசி வோல்டேஜைத் தாமாகவே அளவுக்கு மேல் ஏற்றியதுதான் அதில் பெரிய காரணம், அதன் பிறகு ஏஎம்டி பயாஸ் வழியாக 1.3 வோல்ட்டோடு பூட்டுப் போட்டது. 2024-ல் இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை சிப்புகள் கெட்டதற்கும் வேர் அதிகப்படி வோல்டேஜ்தான், அங்கே பயனர் எதையும் தொடாமலேயே நடந்தது, இன்டெல் வாரண்டியை இரண்டு வருஷம் நீட்ட வேண்டி வந்தது. அதிக வேகம் வைத்தால் மெஷின் நின்றுபோகும், டீஃபால்ட்டுக்குப் போனால் மீளும். அதிக வோல்டேஜ் சிப்பையே தேய்த்துவிடும், அது மீளாது. ஆட்டோ என்று விட்டாலும் போர்டு என்ன கொடுக்கிறது என்று கண்ணால் பார்க்காமல் எழுந்திருக்காதீர்கள். வோல்டேஜைப் பத்து சதவீதம் ஏற்றினால் மின்செலவும் சூடும் 21 சதவீதம் ஏறும், வோல்டேஜின் வர்க்கத்தில் போகிற கணக்கு அது.

ரேம் மேல் காற்றடிக்கிற மாதிரி 80 மில்லிமீட்டர் ஃபேன் ஒன்றைக் கேபினெட் கம்பியில் டையால் கட்டினோம். அது ஒன்றே ஸ்டிக்கை 68-லிருந்து 59-க்கு இறக்கியது. இவ்வளவு மலிவான மருந்தை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

டெஸ்ட்டும் மாறிவிட்டது. முதலில் மெம்டெஸ்ட்86 பென் டிரைவிலிருந்து, விண்டோஸைத் தொடாமல். புது டைமிங்கை விண்டோஸில் ஏற்றிப் பரிசோதித்தால், கெட்ட மெமரி விண்டோஸின் ஃபைல்களையே கெடுத்துவிடும் என்பதால் இந்த வரிசை. அது தாண்டியதும் ஒய்-க்ரஞ்சர் என்ற பாரமான கணக்கு டெஸ்ட் ஒரு மணி நேரம், கோர்சைக்ளர் ஒரு ராத்திரி. கடைசியாக, வீட்டிலேயே சூடான நேரத்தில், ஃபேன் போடாத அறையில், மெமரி டெஸ்ட்டும் கிராபிக்ஸ் லோடும் ஒன்றாக மூன்று மணி நேரம். இதெல்லாம் முடியும்வரை முக்கியமான டிஸ்க்குகளின் கேபிளைக் கழற்றி வைத்தோம். பயாஸ் அப்டேட் செய்யும்போது யுபிஎஸ் கட்டாயம், எங்கள் பக்கம் கரண்ட் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. இந்தச் சிப் உட்காரும் ஏஎம்5 போர்டில் மெமரி எண்ணை மாற்றியதும் சில நிமிஷம் திரை கறுப்பாகவே இருக்கும், அது மெமரி டிரெயினிங், போர்டு புது எண்ணுக்கு மெமரியைப் பழக்கிக்கொள்ளும் நேரம். பயந்துபோய் பவரை அமுக்காதீர்கள், நிஜமாகவே மாட்டிக்கொண்டால் சிமாஸ் கிளியர் செய்தால், அதாவது பயாஸில் வைத்த எண்களை அழித்தால், திரும்ப வந்துவிடும்.

மாப்ள இப்போது கார்டிலிருந்து எதை இறக்கினாலும் கார்டில் இருப்பதற்கும் டிஸ்க்கில் இருப்பதற்கும் ஹேஷ் ஒத்துப்பார்த்த பிறகுதான் கார்டை அழிக்கிறான். அந்த மூன்று நானோ செகண்ட் இல்லாமல் பத்து நிமிஷ ரெண்டர் ஒன்று ஒன்பது செகண்ட் கூடுதலாக ஓடுகிறது, நேரம் பார்த்து எழுதி வைத்திருக்கிறோம்.

2025-ல் கத்திரி தொடங்கிய அன்று மதியம் ரெண்டு மணிக்கு நான் சொல்லாமலே டெஸ்ட்டை ஓட்டிப் படம் எடுத்து அனுப்பினான். ஸ்டிக் 60 டிகிரி, மூன்று மணி நேரம், எரர் பூஜ்யம். பாட்டியின் அந்தப் பதினொரு படங்களில் நான்கு, அன்றைக்கு வந்திருந்த சித்தியின் போனில் வேறு கோணத்தில் இருந்தன, வாங்கிச் சேர்த்துவிட்டோம்.